பித்தளை என்று இரும்பைத் தலையில் கட்டினார்கள்: 22,500 ரூபாய் போய்விட்டது

இதை எழுதும்போது அந்த டிரம் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பளபளவென்று மின்னுகிறது. அதன் வயிற்றில் என் மைத்துனர் கடைக் காந்தம் ஒன்று அட்டை போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக அதை எடுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும்.

பித்தளை ஸ்னேர் என்று 22,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. டிரம் செட்டில் வாசிப்பவனுக்கு நேர் முன்னால், அடித்தோலில் கம்பி கட்டி நிற்கும் டிரம்தான் ஸ்னேர். பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பணத்தைக் கட்டிய நேரத்தில் மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மதுரையில் இருபது வருடமாக மெல்லிசைக் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயப் பாடகர் குழுவிலும் உண்டு. ஒரு மேடைக்கு எனக்கு 1,500 ரூபாய். அதாவது 22,500 ரூபாய் என்பது பதினைந்து மேடை. பதினைந்து இரவு கண்விழித்து, வேனில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி டீ குடித்துவிட்டு நேராக வேலைக்குப் போன காசு. எந்த ஸ்னேரை வாங்குவது, எந்தப் பாட்டுக்கு எது பொருந்தும் என்று குழுவில் இருக்கும் இளம் பிள்ளைகள் என்னிடம்தான் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு விரிவான பதிவு எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசனை கடைசியில்.

ஏன் பித்தளைக்கு ஆசைப்பட்டேன்? என்னிடம் இருந்தது செட்டோடு வந்த பாப்லர் மர ஸ்னேர். 14 அங்குல விட்டம், 5.5 அங்குல ஆழம், தோலை இறுக்கப் பக்கத்துக்கு எட்டு திருகாணி. மோசம் என்று சொல்லமாட்டேன். எண்பதுகளின் மெலடிப் பாடல்களுக்கு மெத்தென்று விழும். ஆனால் நள்ளிரவு தாண்டி மேடை சூடாகி, குத்துப்பாட்டு ஆரம்பித்து, கீபோர்டும் எலக்ட்ரானிக் பேடும் சேர்ந்து இரைச்சல் போடும்போது என் ஸ்னேர் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடும். இரும்பு ஸ்னேர் வாங்கினால் குத்துப்பாட்டுக்கு வெடிக்கும், சந்தேகமில்லை. அதையே ஞாயிறு காலையில் தேவாலயத்தில் அடித்தால், எதிரொலிக்கும் அந்தச் சுவர்களுக்கு நடுவில் முன்வரிசைப் பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஏற்கெனவே ஒரு முறை பொத்தியிருக்கிறார்கள். மேப்பிள் அருமையான மரம், இதமான நாதம். நல்ல மேப்பிள் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அலுமினியம் சுத்தமாக, சுருக்கமாகப் பேசும், எனக்கு அது கொஞ்சம் வறட்சி. பித்தளைக்குத்தான் உலோகத்தின் கூர்மையும் உண்டு, அடியில் ஒரு கனமும் உண்டு. ஆழம் 6.5 அங்குலமாக இருந்தால் தோலைத் தளர்த்தி மெலடிக்கும் வாசிக்கலாம், இறுக்கி வெடிக்கவும் வைக்கலாம். இரண்டு ஸ்னேர் வாங்க வசதியில்லாதவன் ஒன்றில் எல்லாவற்றையும் தேடுவான். என் கணக்கு அதுதான். கணக்கில் இன்றைக்கும் தவறில்லை.

பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் அது கண்ணில் பட்டது. குரோம் பூசிய பித்தளை, 14 அங்குலம், 6.5 ஆழம், பக்கத்துக்குப் பத்து திருகாணி, 23,000 ரூபாய். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று ஒரு முத்திரை. எதைச் சரிபார்த்தார்கள் என்று இப்போது கேட்கிறேன், பதில் இல்லை.

வீடியோவில் கூப்பிட்டார். "அண்ணே, நானும் உங்களைப் போல மேடையில் வாசிக்கிறவன்தான்" என்று ஆரம்பித்தார். அடித்துக் காட்டினார். கம்பியை இறக்கிவிட்டுத் தனியாக ஒரு அடி, ஏற்றிவிட்டு ஒரு அடி, விளிம்போடு சேர்த்து ஒரு அடி. முறையாக வாசிக்கத் தெரிந்த கை. அதில்தான் பாதி விழுந்தேன். மீதியை அவரே தள்ளிவிட்டார். "ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் அண்ணே. டிரம்மின் பக்கவாட்டில் காற்றுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது. பூச்சு போய் மஞ்சள் தெரிகிறது. அதற்காக 500 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்." கீறலை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். குரோமுக்கு அடியில் தங்கம் போல மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. பித்தளைதான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கேட்காமலே குறையைச் சொல்லிக் காசையும் குறைக்கிறவன் பொய் சொல்வானா? அப்படித்தான் நினைத்தேன். 22,500 ரூபாயை அந்தச் செயலி வழியாகவே கட்டினேன். பொருள் வந்து 48 மணி நேரத்துக்குள் புகார் இல்லை என்றால்தான் பணம் விற்பவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது. அதுவும் ஒரு தைரியம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்சல் வந்தது. உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரில் மூன்று நாள் திருவிழா, அன்று மாலையே கிளம்பவேண்டும். அவசரமாகப் பிரித்தேன். டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறலே இல்லை!

இந்த இடத்தில் என்னை நானே அறைந்துகொள்ளவேண்டும். கீறல் இல்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டேன். மனைவியைக் கூப்பிட்டு, "பார், படத்தில் பெரிதாகத் தெரிந்தது, நேரில் ஒன்றுமே இல்லை, 500 ரூபாய் லாபம்" என்று சொன்னேன். படத்தில் இருந்த டிரம் வேறு, என் மடியில் இருந்த டிரம் வேறு என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை.

ராத்திரி மேடை. எங்களுக்கு முன்னால் தப்பு என்கிற பறையை வாசித்தவர்கள் ஓரமாகக் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். ஐந்து நிமிடம். அப்புறம் அடித்த அடி மைக் இல்லாமலே ஊர் எல்லை வரை போனது. நான் திருகாணியைத் திருகும் டிரம் சாவியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முறுக்கினேன். எதிரெதிர் திருகாணிகளாக, சிறிது சிறிதாக, முறைப்படிதான். ஒரு பக்கம் சுருதி சேர்ந்தால் இன்னொரு பக்கம் ஓடியது. இரண்டாவது பாட்டிலேயே ஒரு திருகாணி தளர்ந்தது. சத்தமோ எண்ணெய் டின்னைத் தட்டியது போல நீளமாக இழுத்தது. தோலின் மேல் துணி போட்டேன், டேப் ஒட்டினேன். பாடகர் ஒருவர் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். புது டிரம், இன்னும் பழகவில்லை என்று என்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு மூன்று இரவையும் ஓட்டினேன். அதற்குள் 48 மணி நேரம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை மைத்துனர் வீட்டுக்கு வந்தார். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் எப்போதும் நூலில் கட்டிய ஒரு காந்தம் இருக்கும். டிரம்மைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, புதுசா?" என்றார். பித்தளை என்றேன். ஒன்றும் பேசாமல் நூலை விட்டார். டக் என்று ஒட்டியது. "மாப்பிள்ளை, இதை இரும்பு விலைக்கு வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

தோலைக் கழற்றினோம். திருகாணி மாட்டும் கட்டைகளில் ஒன்றை அவிழ்த்துத் துளையின் ஓரத்தைப் பார்த்தால் சாம்பல் நிறம், ஓரிடத்தில் துரு. பித்தளையாக இருந்தால் அங்கே மஞ்சள் தெரிந்திருக்கவேண்டும். சமையல் மேடைக் கல்லில் டிரம்மின் வெற்று உருளையைக் கவிழ்த்து வைத்து உள்ளே டார்ச் அடித்தால் இரண்டு இடத்தில் வெளிச்சம் கசிந்தது. விளிம்பு சமமாக இல்லை, வட்டமும் நசுங்கியிருக்கிறது. பிறகு எந்த ஊர்ச் சாவியைப் போட்டு முறுக்கினாலும் சுருதி எப்படி நிற்கும்? எடையை வைத்து ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். 1 மில்லிமீட்டர் தகட்டில் இந்த அளவு உருளை செய்தால் பித்தளைக்கும் இரும்புக்கும் நூறு கிராம் சொச்சம்தான் வித்தியாசம். கையில் தெரியாது.

விற்றவரைக் கூப்பிட்டேன். "காந்தம் தோலைப் பிடித்திருக்கும் வளையத்தில் ஒட்டியிருக்கும் அண்ணே, எல்லா ஸ்னேருக்கும் வளையம் பெரும்பாலும் இரும்புதானே" என்றார். பாருங்கள், பாதி உண்மை. உருளையின் நடு வயிற்றில் ஒட்டுகிறது என்று வீடியோ அனுப்பினேன். "குரோமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும், அதில் ஒட்டுகிறது" என்றார். இதுவும் பாதி உண்மை. நிக்கலைக் காந்தம் இழுக்கும். ஆனால் அந்த மெல்லிய பூச்சு ஒரு காந்தத்தை மூன்று நாள் தொங்கவிட்டுத் தாங்குமா? கீறல் எங்கே என்று கேட்டேன். அதோடு சரி. "அண்ணே" என்று ஒன்பது முறை கூப்பிட்ட மனிதர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

செயலிக்காரர்கள் அதற்கும் மேல். முதலில் ஒரு இயந்திரம் பதில் சொன்னது. உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், புகார் நேரம் முடிந்துவிட்டது. மனிதரிடம் பேசவேண்டும் என்று நாலு முறை அழுத்தியபின் ஒரு பெண் வந்தார். பொருள் விளக்கத்தில் 'உலோக டிரம்' என்றுதானே இருக்கிறது, நீங்கள் பெற்றதும் உலோக டிரம்தானே என்று கேட்டார். போய்ப் பார்த்தால், விளக்கத்தில் இருந்த 'பித்தளை' என்ற சொல்லைக் காணவில்லை. விற்றபின் திருத்தியிருக்கிறார்கள். நல்லவேளை, பழைய பக்கத்தை எங்கள் குழுவின் இரண்டாவது டிரம்மருக்குக் காட்ட நான் படம் பிடித்து வைத்திருந்தேன். அதை அனுப்பினேன். பிரித்தபோது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். இல்லை. அப்படியானால் நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். 22,500 ரூபாய் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 2020ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்களில் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். எனக்கு வைத்த அதே 48 மணி நேரம்! அவர்களுடையது நேற்றோடு முடிந்தது, ஒரு வரி வரவில்லை. அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. போகத்தான் போகிறேன்.

ஆலோசனை எழுதுகிறேன் என்று சொன்னேன். கை இன்னும் நடுங்குகிறது, மேலூர் நிகழ்ச்சிக்கு வேனும் வந்துவிடும். வாயில் வந்ததைச் சொல்கிறேன்.

பையில் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் வைக்காதீர்கள், உருளையின் நடுவில் வையுங்கள். தோலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சமமான கல்லிலோ கண்ணாடியிலோ விளிம்பை வைத்துப் பாருங்கள். போனில் கேட்கும் சத்தத்தை நம்பவே நம்பாதீர்கள், போனில் கேட்டால் என் பாப்லரும் பித்தளைதான். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், அன்றைக்கே அடித்துப் பாருங்கள், திருவிழாவா கல்யாணமா என்று பார்க்காதீர்கள். முதல் ஸ்னேர் வாங்கும் பிள்ளைகள் 14 அங்குலத்தை விட்டு விலகவேண்டாம், தோலும் கம்பியும் தேடி அலையவேண்டியிருக்காது. ஆழம் 5, 5.5 போதும். இன்னொன்று, இது எனக்கே உறைக்கிறது: நேற்று அந்தப் பழைய பாப்லருக்கு மேலும் கீழும் புதுத் தோல் மாட்டி, இருபது இழைக் கம்பி ஒன்றைப் புதிதாகக் கட்டினேன். அடியில் மெல்லிய தோல்தான் போடவேண்டும், தடித்ததைப் போட்டால் கம்பி பேசாது. குத்துப்பாட்டுக்கு இறுக்கிப் பார்த்தேன். வெடிக்காமல் இல்லை. இன்றைக்கு மேலூருக்கு அதுதான் வருகிறது.

வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரே ஒரு விஷயம். இன்று காலை என் மகளின் போனில் அந்தச் செயலியைத் திறந்தேன். வேறு பெயர், அதே முத்திரை, அதே படம், காற்றுத் துளைக்குப் பக்கத்தில் அதே மஞ்சள் கீறல். விலை 23,000 ரூபாய். மகள் எண்ணிலிருந்து விசாரித்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: சின்னக் கீறல் ஒன்று இருக்கிறது, 500 ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்று.