நாட்டு நெல்லைக் காப்பது உறைபெட்டியா, வயலா?

பாரம்பரிய நெல் ரகங்களை எப்படிக் காப்பது என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். விதை வங்கியில் உறைய வைத்தால் போதும் என்பது ஒன்று. வருஷா வருஷம் விதைத்தால்தான் விதை பிழைக்கும் என்பது மற்றொன்று.

வங்கிக்குப் பலம் எண்ணிக்கை. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1,30,000-க்கு மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. நீண்ட காலச் சேமிப்பு மைனஸ் 20 டிகிரியில். இத்தனையையும் எந்த ஊர் விவசாயிகள் விதைத்துக் காப்பாற்றுவது? ஆனால் கட்டடத்துக்கும் கண்டம் உண்டு. அதே ஊரில் உள்ள பிலிப்பைன்ஸின் தேசிய விதை வங்கி 2006-இல் புயல் வெள்ளத்தில் மூழ்கியது, 2012-இல் தீப்பிடித்தது. அப்புறம், உறைந்து கிடக்கும் விதைக்கு வெளியே நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி புது அவதாரம் எடுத்திருப்பது தெரியாது.

வயலில் கிடக்கும் விதைக்குத் தெரியும். ஒடிசா விவசாயிகளின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் எஃப்ஆர் 13ஏ என்ற ரகம். இரண்டு வாரம் நீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரும். அதன் சப்1 மரபணுவை ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் சேர்த்து 2009-இல் வெளியானது ஸ்வர்ணா சப்1. அந்தக் குணத்தை எந்த ஆய்வகமும் யோசித்துச் செய்யவில்லை. வெள்ளத்தில் தப்பியதையே திரும்பத் திரும்ப விதைத்ததில் வந்தது.

சரி, செலவை யார் சுமப்பது? காட்டுயானம் என்ற நாட்டு நெல் யானையையே மறைக்கும் என்பார்கள்; அந்த உயரத்துக்கு யூரியா போட்டால் சாய்ந்துவிடும். விளைச்சல் கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி கைவிடுவார், நியாயம்தான். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

அதனால் என் ஓட்டு வயலுக்குத்தான், ஒரு விஷயம் தவிர. புகையான் பரப்பும் ஒரு குட்டை நோய்க்கு எதிர்ப்பு தேடி 6,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில், உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல் ஒன்றுதான் தேறியது. அதன் எதிர்ப்பு ஐஆர் 36 என்ற நவீன நெல் ரகத்துக்குப் போனது. அந்தக் காட்டு நெல்லை எந்த விவசாயி காப்பாற்றியிருப்பார்? நம் வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவோம்.