அபாகஸுக்கு 3 லெவல், சிலம்பத்துக்கு 10 மாதம்: பணம் கட்டியவள் சொல்கிறேன்

மகள் நாலாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. வீடு உச்சிப்புளி. வீட்டுக்காரர் கத்தாரில் இருப்பதால், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்கிற தலைவலி முழுக்க என்னுடையது. போன ஜூனிலிருந்து இந்த ஜூன் வரை நான்கு இடங்களில் பணம் கட்டியிருக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் யாராவது பிள்ளையைச் சேர்க்கும் யோசனையில் இருந்தால், அதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் அபாகஸ், அதாவது மணிச்சட்டத்தை வைத்து மனக்கணக்குப் பழக்குகிற வகுப்பு. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற ஒரு கம்பெனியின் சென்டர், பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவரில் கலாம் படம். (நம் மாவட்டத்தில் எந்த சென்டருக்குள் நுழைந்தாலும் கலாம்தான் வரவேற்பார். அவர் ராமேஸ்வரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கணக்கு டியூஷனுக்குப் போனவர், அந்த ஆசிரியர் காசே வாங்கவில்லை என்பதை மட்டும் படத்துக்குக் கீழே யாரும் எழுதி வைப்பதில்லை.) டெமோ வகுப்பு எடுத்த மிஸ் அவ்வளவு அருமையாகச் சொல்லிக்கொடுத்தார், அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டேன். சேர்ந்த பிறகு அந்த மிஸ்ஸை நாங்கள் பார்க்கவே இல்லை.

லெவலுக்கு 3,600 ரூபாய், மூன்று மாதம். மணிச்சட்டம், புத்தகம், பை, டி-ஷர்ட் எல்லாம் சேர்த்து 1,400. செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கு வகுப்பு. பள்ளி விட்ட கையோடு யூனிஃபார்மிலேயே பஸ் ஏறி, பஸ்ஸிலேயே பன் தின்று, ஓடிப்போய் உட்காருவாள்.

பாடம் பொய்யில்லை, அதையும் சொல்ல வேண்டும். சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, அதற்கு மதிப்பு ஐந்து. கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் ஒன்று. மூன்றோடு நாலைக் கூட்டக் கீழே மணி போதாது, அதனால் மேலே உள்ள ஐந்தை இறக்கி, கீழே ஒன்றை எடுத்துவிட்டால் ஏழு. இதற்கு ஸ்மால் ஃப்ரெண்ட் என்று பெயர், பத்தை வைத்துச் செய்வது பிக் ஃப்ரெண்ட். இது பழகப் பழக, சட்டம் இல்லாமலே விரல் காற்றில் ஆடும், விடை வந்துவிடும். ஒருநாள் மளிகைக் கடைக்கார அண்ணன் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மகள் கணக்கைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. இரண்டாம் லெவல் வரை கொடுத்த காசுக்குக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் லெவலில்தான் சாயம் வெளுத்தது. ஒரே அறையில் 23 பிள்ளைகள். மூன்று மாதத்தில் மூன்று மிஸ் மாறினார்கள். மதுரையில் போட்டி என்று 1,500 வாங்கினார்கள், போனோம், கோப்பை வாங்காத பிள்ளை என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்திக்கொள்கிறோம், மிச்சப் பணத்தைக் கொடுங்கள் என்றால் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம், திருப்பித் தர மாட்டார்களாம். பஸ் காசு நீங்கலாக மொத்தம் 13,700.

இதைவிட எனக்கு உறைத்தது வேறு. பள்ளிக் கணக்கில் ஒரு கூடையில் இத்தனை மாம்பழம், இத்தனை பேருக்குப் பங்கு என்று வந்தால், இவள் இன்னமும் என் முகத்தைப் பார்த்து, “கூட்டணுமா கழிக்கணுமாம்மா?” என்கிறாள். எப்படிக் கூட்டுவது என்று அபாகஸ் சொல்லிக்கொடுத்தது, எப்போது கூட்டுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சென்டரில் கேட்டால் ஆறாம் லெவலில் சரியாகிவிடும் என்றார்கள். எட்டு லெவல் இருக்கிறது.

ரோபோ வகுப்பு என்று கோடை விடுமுறையில் ஐந்து நாள் மகனை அனுப்பினேன். சார் பொருத்தினார், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், கடைசி நாளில் கிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இந்தி வகுப்பு பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டுத் திண்ணையில். இந்தி பிரச்சார சபா பரீட்சை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும், மகன் பிப்ரவரியில் தொடக்கநிலைப் பரீட்சையான பிராத்மிக் எழுதிப் பாஸ். டீச்சர் மேல் குறை இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் கூரையைப் பார்க்கிறான்.

அப்புறம் சிலம்பம். இதை நான் தேடிப் போகவில்லை. ரயில்வே லைன் தாண்டித் தென்னந்தோப்பை ஒட்டிய மணல் பொட்டலில் சாயங்காலம் பிள்ளைகள் கம்பு சுற்றுவதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, “எனக்கு அங்க போகணும்” என்று மகள்தான் அழுதாள். மாதம் 500 ரூபாய், வாரத்துக்கு நாலு நாள். ரசீதும் இல்லை, டி-ஷர்ட்டும் இல்லை. மாமியார் மட்டும், “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா கம்பு?” என்று ஒரு வாரம் முணுமுணுத்தார்.

வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் மூன்று வாரம் கையில் கம்பே கொடுக்கவில்லை, வெறும் காலடிதான், மணலில் முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பி வைக்க வேண்டும். எனக்கே பொறுமை போய், “எப்ப கம்பு குடுப்பீங்க அண்ணே?” என்று கேட்டேன். “கால் நின்னாத்தான்மா கம்பு நிக்கும்” என்றார். அப்புறம் சலாம் என்கிற வணக்கம், ஒற்றைக் கம்பு வீச்சு. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் கம்பு கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். அன்றைக்கெல்லாம் லீவு விடுவார் என்று பார்த்தால், இந்தக் காற்றில் சுற்றினால்தான் மணிக்கட்டு பலப்படும் என்று கூடுதலாக அரை மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்வார். மகளிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: “ஆத்தா, கையப் பாக்காத. எதிர்ல நிக்கிறவன் கண்ணப் பாரு.” பத்து மாதத்தில் அது அவளுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்தால் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை இப்போது முகம் பார்த்துப் பேசுகிறாள். அபாகஸ் சட்டத்தை நான் சொன்னால்தான் எடுப்பாள், கம்பை நான் சொன்னால்தான் வைப்பாள்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு குழல் விளக்கு, ஏழு மணிக்கு முடியும்போது நல்ல இருட்டு, கூட்டிவர ஆள் வேண்டும். பெண் பிள்ளைகள் மூன்றே பேர், கழிப்பறை கிடையாது, தோப்புக்காரர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். விரல் முட்டியில் அடிபட்டு ஒருமுறை வீங்கியது, முதலுதவிப் பெட்டி என்று எதுவும் இல்லை, நான் கொண்டுபோன தைலம்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று வாரம் வகுப்பே நடக்கவில்லை. அந்த மாதம் நான் நீட்டிய 500-இல் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பொடி எழுத்து ரசீது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வெறும் பள்ளிப் பாடத்துக்காக டியூஷன் தேடுகிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். 2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி தன்னார்வலராகச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தது. அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய்தான், பிள்ளைகளுக்கு இலவசம். என் மகன் பின்னம் புரிந்துகொண்டது அங்கேதான்.

ஒரு ஆதங்கம் மட்டும் பாக்கி. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் நம் பக்கத்துக் கடலில். 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது. பாக் விரிகுடாவில் கடல் பசுவுக்கென்றே 2022-இல் காப்பகம் அறிவித்தார்கள். இவ்வளவும் இருக்க, ராமநாதபுரத்தில் கோடிங் சொல்லித்தரப் போர்டு தொங்குகிறது, கடலைச் சொல்லித்தர ஒரு வகுப்பு என் கண்ணில் படவில்லை. கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் வளர்கிற என் பிள்ளைகள் இரண்டுக்கும் நீச்சல் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிற இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கே பணம் கட்டுகிறேன்.

சிலம்பத்துக்குச் சேர்க்கிறவர்கள் ஆர்வத்தில் முதல் நாளே கம்பு வாங்கிவிடாதீர்கள். பிள்ளை உயரத்துக்கு அளந்து, மூங்கில் பார்த்து வாத்தியாரே சொல்வார். அவரைக் கேட்காமல் நான் ராமநாதபுரத்தில் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய முதல் கம்பு, இப்போது மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.