கருவாட்டுப் பரணுக்குக் காசு: உள்ளூர் அறக்கட்டளையா, தூதரக நிதியா?

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிக் கரையோரத்தில் கருவாடு போடும் பெண்களின் மாதர் சங்கம் எங்களுடையது. மணலில் பரப்பிக் காயவைத்த கருவாட்டுக்கு வியாபாரி விலையை அடித்துக் குறைப்பான். வலை கட்டிய பரணில் காய்ந்தால் மண் ஒட்டாது, நாய் வாய் வைக்காது. பரண்களுக்கும் உப்புத் தொட்டிகளுக்கும் காசு தேடியபோது இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, உள்ளூர் ஆக்களே காசு சேர்த்து உள்ளூர் வேலைகளுக்குக் கொடுக்கும் சிறிய அறக்கட்டளை. மற்றது, கொழும்பிலுள்ள தூதரகங்களின் சிறு நிதித் திட்டங்கள். நாங்கள் அறக்கட்டளையைத் தெரிந்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஊர்ப் பணத்தை ஊரே பங்கிடும் சமூக அறக்கட்டளை முறை 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் கோயில் அன்னதானமும் மரணச் சங்கமும் அதற்கு முன்பே அந்த வேலையைப் பார்த்தன, விண்ணப்பப் படிவம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, நிர்வாகக் குழுப் பெயர்ப்பட்டியல், கிராம அலுவலரின் கடிதம் எல்லாம் இரண்டு பக்கமும் கேட்பார்கள். மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களப் பதிவு மட்டும் உள்ள சங்கங்கள் வெளிநாட்டுக் காசுக்குப் போகுமுன், தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டுமா என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டுக்கொள்வது நல்லது.

தொகையில் போட்டியே இல்லை. அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம் ஒரு வேலைக்கு 60,000 அவுஸ்திரேலிய டொலர் வரை, கூடியது இரண்டு வருடத்துக்குத் தரும். உள்ளூர் அறக்கட்டளை தருவது சில லட்சம் ரூபாய். ரூபாய்க் கணக்குக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரம் டொலரில் காசு வந்தவர்களுக்குக் கை நிறைந்தது. ரூபாயில் வாங்கியவர்கள் பாதிச் சீமெந்தோடு நின்றார்கள்.

அப்படியிருந்தும் நாங்கள் அறக்கட்டளைப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நாள்காட்டி.

கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதனால் வேலைகள் பெரும்பாலும் பெப்ரவரி கடைசிக்குள் முடிந்து கணக்கு அடைபட வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வர ஆடி, ஆவணி ஆகிவிடும். பிறகு மரம் வாங்கி, ஆள் பிடித்து, பயிற்சி தொடங்கும்போது ஐப்பசி. திருகோணமலையில் ஐப்பசி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வடகீழ்ப் பருவமழை தை வரைக்கும் விடாது. கடல் அடிக்கும், மீன் குறையும், வந்த கொஞ்சத்தையும் காயவைக்க வெயில் இருக்காது. கருவாட்டுக்கு உரிய காலம் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில். தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் எங்கள் கரைக்கு வாடி (தற்காலிகக் குடில்) போட வருவார்கள். மீன் மலிந்து, விற்றது போக மிஞ்சுவது அப்போதுதான். மாரிக்குள் 'உலர்த்தல் பயிற்சி' நடத்தி, படம் பிடித்து, அறிக்கை அனுப்பலாம்தான். படத்தில் எல்லாம் அழகாக இருக்கும், கருவாடு மட்டும் புழு வைத்திருக்கும்.

அறக்கட்டளையில் அந்த விஷயம் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது. கள ஆய்வுக்கு வந்துபோன தம்பி தானாகவே எடுத்துக் கேட்டார்: "அக்கா, மழைக்குள்ள என்னத்தைக் காயவைப்பீங்கள்? பரணை இப்ப அடியுங்கோ, மிச்சக் காசை பங்குனியில எடுங்கோ." திகதியை மாற்ற ஒரு பக்கக் கடிதம் தமிழில் எழுதிக் கொடுத்தோம், ஒப்புக்கொண்டார்கள். முன்பு வேறொரு வெளிநாட்டு நிதியில் ஒரு வரிச் செலவை மாற்ற ஆங்கிலத்தில் கடிதம், திருத்திய பட்ஜெட், மேலிட அனுமதி என்று மாதக்கணக்கில் இழுபட்டது. அங்கே கிடுகு வாங்கவும் மூன்று விலைக்கோரல் கேட்டார்கள். கிராமத்தில் கிடுகு பின்னி விற்பவர் ஒரு ஆச்சி. அவரிடமே மூன்று தாளில் மூன்று விலை எழுதி வாங்கலாமா என்று பொருளாளர் கேட்டதை அறிக்கையில் சேர்க்கவில்லை!

அறக்கட்டளைக்கும் கணக்கு வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத சின்னச் செலவுக்கு விற்றவரின் கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பற்றுறுதிச்சீட்டை ஏற்றார்கள். ஆனால் அதே தம்பி அந்த ஆச்சியின் வீட்டுக்கே போய் விசாரித்தார். ஏமாற்றுவதற்கு இதுதான் கஷ்டமான இடம்.

குறைகளும் உண்டு. ஊர் சின்னது. குழுவில் இருப்பவர் யாருக்கு மச்சான், யாருக்கு மாமி என்று எல்லாருக்கும் தெரியும். விண்ணப்பம் தள்ளுபட்டால் காரணம் கடிதத்துக்கு முன்பே சந்தைக்கு வந்துவிடும். இன்னொன்று, பக்கத்து முஸ்லிம் கிராமத்துப் பெண்களையும் சேர்த்தீர்களா என்று எங்களிடம் நேரே கேட்டார்கள். மூவின மக்களும் வாழும் மாவட்டத்தில் அது நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் போகாதீர்கள். சங்கத்தின் சொந்தப் பங்கு என்ன என்றும் கேட்பார்கள். நாங்கள் காட்டியது சிரமதானமும் ஒரு உறுப்பினரின் காணித் துண்டும்.

ஜப்பான் தூதரகத்தின் அடித்தள உதவி கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் பேர்போனது. சம்பளம், வாடகை போன்ற நடைமுறைச் செலவுக்குத் தராது. அங்கே நாங்கள் விண்ணப்பித்ததில்லை, அதனால் அதன் நடைமுறையை எடைபோட எனக்குத் தகுதி போதாது. லண்டன், டொரொண்டோ உறவுகளின் காசு விரைவாக வரும். அது தனிக் கதை.

எங்களுக்கு அடுத்து வேண்டியது ஒரு குளிர் அறை. அதற்கு அறக்கட்டளைக் காசு காணாது. தூதரகத்துக்குத்தான் எழுதுகிறோம். பரண் வேலையின் கணக்காய்வு அறிக்கையை முன் அனுபவமாக இணைத்திருக்கிறோம். கட்டட வேலை தொடங்கும் மாதத்துக்கு நேரே மாசி என்று போட்டிருக்கிறோம். அதை அவர்கள் மாற்றச் சொன்னால் அந்த வருடம் விண்ணப்பிக்க மாட்டோம்.