பழைய மடிக்கணினியில் ராமைக் கூட்ட பயோஸைப் புதுப்பிக்க வேண்டுமா?

திருகோணமலையில் கை மாறி வரும் பழைய மடிக்கணினிகளுள் 2006க்கும் 2015க்கும் இடையில் வெளிவந்தவையே எனக்குப் பெரிதும் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் வளாக மாணவர்களும் ஆசிரியர்களும் 4 ஜிபி ராமை 8 ஆகவோ 16 ஆகவோ கூட்ட விரும்பும்போது, அதற்கு முன் பயோஸை, அதாவது கணினியை இயக்கியதும் முதலில் ஓடி வன்பொருளைத் தயார்ப்படுத்தும், சில்லில் பதிந்த நிரலை (நிலைபொருளை), புதுப்பித்தாக வேண்டுமா என்றே முதலில் கேட்கிறார்கள். புதுப்பிக்காமலே ராமைப் போடலாம். தயாரிப்பாளர் தரும் புதிய பயோஸைப் பதியலாம். கோர்பூட் என்னும் திறந்த நிலைபொருளுக்கு மாறலாம். ராமை விட்டுவிட்டு, சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகமாகிய எஸ்எஸ்டிக்குச் செலவிடலாம். இந்த நான்கில் எது பொருந்தும் என்பது, கையிலுள்ள இயந்திரத்தில் ராமின் உச்ச அளவைக் கட்டுப்படுத்துவது எது என்பதைப் பொறுத்தது.

அந்தக் கட்டுப்பாடு பயோஸிலிருந்தே வருகிறது என்று எடுத்த எடுப்பில் கருதிவிடக் கூடாது. இன்டெல் 945 சிப்செட் (செயலியையும் ராமையும் இணைக்கும் சில்லுத் தொகுதி) கொண்ட மடிக்கணினியில் 4 ஜிபி பொருத்தினாலும் ஏறத்தாழ 3 ஜிபியே பயன்படும். ஏனெனில் அந்தச் சிப்செட்டின் முகவரி வெளி, அதாவது அது எட்டக்கூடிய நினைவக எல்லை, 4 ஜிபியுடன் முடிந்துவிடுகிறது, அதற்குள் ஒரு பகுதியை உள் சாதனங்கள் எடுத்துக்கொள்கின்றன, இழந்த பகுதியை மேலே நகர்த்தித் தரும் வசதியும் அதில் இல்லை. எந்தப் பயோஸும் இதை மாற்றாது. வன்பொருள் இடம் கொடுத்தாலும் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. அங்கே தேவைப்படுவது 64 பிட் பதிப்பு. மின்னழுத்தமும் கவனத்துக்குரியது. 1.5 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3 ராமும் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் ராமும் ஒரே 204 முனை வடிவில் இருப்பதால் இரண்டும் துளையில் சரியாக உட்காரும். ஆனால் இன்டெல் 4ஆம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வோல்ட் ராமையே எதிர்பார்க்கின்றன. தவறான ராமைப் போட்டுவிட்டுத் திரை இருண்டு கிடப்பதற்குப் பயோஸைக் குறை சொல்வது நேரவிரயம்.

பயோஸுக்கு இதில் உண்மையான பங்கு எது? கணினியை இயக்கிய கணத்தில் ராம் பயன்படும் நிலையில் இருப்பதில்லை. நிலைபொருள் முதலில் ஒவ்வொரு ராமிலும் உள்ள எஸ்பிடி என்னும் சிறு சில்லைப் படித்து, அதன் கொள்ளளவு, வேகம், தாமத அளவுகள் ஆகியவற்றை அறிந்து, அவற்றுக்கேற்ப நினைவகக் கட்டுப்படுத்தியை அமைத்து, சமிக்ஞைகளின் நேரத்தைப் பொருத்திப் பார்த்த பின்னரே ராம் உயிர் பெறுகிறது. இந்த வேலையைச் செய்யும் நிரல் எழுதப்பட்ட காலத்தில் சந்தையில் இல்லாத வகை ராமை, செயலியால் கையாள முடிந்தாலும், பழைய பயோஸ் அடையாளம் காணத் தவறலாம். ஒற்றை 16 ஜிபி டிடிஆர்3எல் ராம் இதற்கு நல்ல சான்று. அதில் உள்ள 8 கிகாபிட் சில்லுகளை 4ஆம் தலைமுறைச் செயலிகள் ஏற்பதில்லை. 5ஆம் தலைமுறைச் செயலிகள் ஏற்கும், ஆனால் பயோஸும் அதற்கு இடம் தர வேண்டும். இத்தகைய இடத்தில்தான் புதுப்பித்தல் பொருள் பெறுகிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது லெனோவோ திங்பேட் எக்ஸ்220. 2011இல் வந்த இந்த இயந்திரத்துக்கு லெனோவோ ஆவணம் 8 ஜிபியையே உச்சமாகக் குறித்தது. அதிலுள்ள ஐ5-2520எம் செயலிக்கு இன்டெல் குறித்த உச்சமோ 16 ஜிபி. இரண்டு 8 ஜிபி ராம்களைப் பொருத்தினால் 16 ஜிபியும் இயங்குகிறது. ஆகவே மடிக்கணினியின் விவரத்தாளை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் செயலியின் விவரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால், ராமைத் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதே என் தெரிவு. இங்கே தேவையான ராம் கிடைக்காமல் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவரை போக நேர்பவருக்கு, பொருந்தாத ராமை மாற்ற இன்னொரு பயணம் என்பது சிறிய விடயமல்ல. கடற்கரை ஊராகிய நமக்கு இன்னொன்றும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து உப்புக் காற்றில் பல ஆண்டுகள் இருந்த இயந்திரங்களில் ராம் முனைகள் மங்கியிருப்பதுண்டு. ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் அவற்றைத் துடைத்து மீண்டும் பொருத்தாமல் பயோஸைத் தொடுவதை நான் ஏற்கமாட்டேன்.

தயாரிப்பாளரின் புதுப்பிப்பைப் பதிய வேண்டுமா என்பதை அதனுடன் வரும் மாற்றக் குறிப்பே சொல்லும். நினைவக ஆதரவு, நினைவகப் பொருத்தம் என்ற சொற்கள் அதில் இருந்தால் பதிவதற்குக் காரணம் உண்டு. 2018இல் வந்த பல புதுப்பிப்புகள் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிப் பாதுகாப்புக் குறைகளுக்கான செயலி நுண்நிரலையே கொண்டு வந்தன. அவை பாதுகாப்புக்கு உகந்தவை, ராமின் உச்சத்தை உயர்த்துபவை அல்ல. சில இயந்திரங்களில் புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது என்பதால், குறிப்பைப் படித்த பிறகே கை வைக்க வேண்டும்.

பதியும் முறைகளுள் விண்டோஸுக்குள் இருந்தபடியே செய்யும் கருவி எளிதானது, பலரும் அதையே நாடுகிறார்கள். ஆயினும் வைரஸ் தடுப்பு நிரல்களும் பின்னணிப் புதுப்பிப்புகளும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய, தள்ளாடும் விண்டோஸில் இதைச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. வட்டைக் குறியாக்கும் பிட்லொக்கர் இயங்கினால் அதை முதலில் இடைநிறுத்தாவிடில், மறுதொடக்கத்தில் மீட்புச் சாவி கேட்டு நிற்கும். பென் டிரைவிலிருந்து பதிவது இதைவிட மேலானது. 2015க்குப் பிந்திய பெரும்பாலான டெல் இயந்திரங்களில் எஃப்12 அழுத்தி வரும் துவக்கப் பட்டியலிலேயே பயோஸ் பதியும் வழி இருக்கிறது. பழைய திங்பேட்களுக்கு லெனோவோ குறுவட்டுப் படிமம் தருகிறது. அதை அப்படியே பென் டிரைவில் எழுதினால் துவங்காது, உள்ளே இருக்கும் துவக்கப் பகுதியை கெட்எல்டோரிட்டோ (geteltorito) என்னும் சிறு நிரலால் பிரித்தெடுத்து எழுத வேண்டும். லினக்ஸில் நேரடியாகப் பதியும் வசதி புதிய இயந்திரங்களுக்கு அருமையானது, ஆனால் 2011, 2012 காலத்தவற்றுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

எந்த முறையானாலும் மின்சாரமே தீர்ப்புச் சொல்லும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் நின்றது. சில நிமிடங்களே எடுக்கும் இந்த வேலை, பயோஸ் இருக்கும் சில்லை அழித்து எழுதும் நடுவில் தடைப்பட்டால், இயந்திரம் மீண்டும் எழும்பாமலே போகலாம். பதியும் கருவிகள் பொதுவாகச் சார்ஜரும் ஓரளவு நிறைந்த பற்றரியும் சேர்ந்திருந்தாலே தொடங்கும். செத்த பற்றரியுடன் யூபிஎஸ்ஸில் சார்ஜரைச் செருகி வைத்தாலும் கருவி மறுத்துவிடக்கூடும். அந்தச் சோதனையை வற்புறுத்தித் தாண்டும் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். திங்பேட் எக்ஸ்230, டி430 வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: லெனோவோ அங்கீகரிக்காத பற்றரியை அவை சார்ஜ் செய்ய மறுப்பதால், மலிவாக வாங்கிய பற்றரி இந்த வேலைக்கு உதவாது. நல்ல பற்றரி இல்லையெனில், பயோஸை விட்டுவிட்டு இப்போதைய பயோஸ் ஏற்கும் அளவுக்குள் ராமை நிறுத்திக்கொள்வதே சரியான தெரிவு.

1999இல் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கி 2008இல் பெயர் மாறிய கோர்பூட், எக்ஸ்220, டி420, எக்ஸ்230 போன்றவற்றில் நன்றாக இயங்குகிறது. ராமைத் தயார்ப்படுத்தும் பகுதியையும் திறந்த நிரலாகவே அது எழுதி வைத்திருப்பதை நான் மிக மதிக்கிறேன். ஆனால் முதன்முறை பதிய, பெரும்பாலும் இயந்திரத்தைப் பிரித்து, கவ்வி பொருத்தி, வெளிப் புரோகிராமரால் சில்லை எழுத வேண்டும். மலிவான சிஎச்341ஏ கருவியின் சில வகைகள் 3.3 வோல்ட் சில்லுக்கு 5 வோல்ட் சமிக்ஞையை அனுப்பிச் சேதப்படுத்தலாம். செயலியின் நினைவக உச்சத்தை கோர்பூட்டாலும் உயர்த்த முடியாது. ராமுக்காக மட்டும் இந்த வழியில் இறங்குவது வீண்.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, சுழலும் வன்தட்டுடனும் 4 ஜிபியுடனும் இருக்கும் இயந்திரத்தில் முதற் செலவு அதற்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்220க்கு 7 மில்லிமீற்றர் தடிப்புள்ளதே பொருந்தும். 8 ஜிபிக்கு மேல் கேட்கும் வேலை, மெய்நிகர் கணினியோ பெரிய படத்தொகுப்போ, இருந்தால் அதன்பின் ராமுக்கு வரலாம். இந்த வயது இயந்திரங்களுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆதலால் ராம் கூட்டும் நாளிலேயே லினக்ஸையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பயோஸும் ராமும் இரண்டுமே மாற வேண்டியிருந்தால், பழைய ராம் இருக்கும்போதே பயோஸைப் பதிந்து, ஒருமுறை முழுதாக இயக்கிப் பார்த்து, அதன்பின் மின்சாரத்தையும் பற்றரியையும் அகற்றிப் புதிய ராமைப் பொருத்த வேண்டும். முடிந்தவரை ஒரே அளவான இரண்டைப் பொருத்தினால் இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டு ராம்களும் ஒருசேர அணுகப்பட்டு, இயங்கும். உள்ளமைந்த காட்சி அட்டைக்கு இது நேரடியாக உதவும். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென் டிரைவிலிருந்து துவக்கி, குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட வேண்டும். பிழை காட்டினால் ராம்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிச் சோதித்துக் குறை ராமிலா துளையிலா என்று பிரித்தறிந்த பின்பே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.