மேசைமேல் ஒரு கிருஷ்ணகிரி ரயில்: கேட்டோ யூனிட்ராக்கும் டி-டிராக் பெட்டிகளும்

வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஓர் அறையை முழுவதுமாக ஒதுக்க இயலாத நிலையிலும் மாதிரி ரயில் லேஅவுட் அமைக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது டி-டிராக் முறையைத்தான் என்று கருதுகிறேன். லேஅவுட்டைச் சிறு சிறு பெட்டிகளாகச் செய்து, வேண்டும்போது மேசைமேல் வரிசையாக வைத்து இணைத்து, ஓட்டி முடித்ததும் பிரித்துப் பரணில் ஏற்றிவிடலாம். பெட்டிகளின் மேல் பதிப்பது ஜப்பானிய நிறுவனமான கேட்டோவின் 9 மி.மீ. யூனிட்ராக் தண்டவாளம்.

தண்டவாளத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஜல்லிமேட்டோடு சேர்ந்தே வரும் ஒவ்வொரு துண்டின் முனையிலும் உள்ள இணைப்பான் அடுத்த துண்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரமும் அதன் வழியாகவே கடக்கிறது. பெட்டிகளைப் பூட்டத் தனியாகக் கிளாம்ப் எதுவும் தேவையில்லை. புதிதில் அந்தச் சாம்பல் நிற ஜல்லி பொம்மை போலத் தெரிவது உண்மை. நீர்க்கப் பழுப்பு அக்ரிலிக் பூசி, தண்டவாளத்தின் மேற்பரப்பை உடனே துடைத்துவிட்டால் அது அடங்கிவிடுகிறது.

பெட்டி விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஒரு நேர்ப்பெட்டியின் தண்டவாளம் 248, 62 மி.மீ. துண்டுகள் சேர்ந்து 310 மி.மீ. வருகிறது, பெட்டியின் நீளமோ 308 மி.மீ. மட்டுமே. இரு பக்கமும் 1 மி.மீ. தண்டவாளம் வெளியே நீட்டியிருந்தால்தான் பலகைகள் ஒன்றையொன்று முட்டுவதற்கு முன் இணைப்பான்கள் பூட்டிக்கொள்ளும். நம் தச்சர்களின் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேல். அலமாரிக்கு ஒரு நூல் பொருட்டில்லை, இங்கோ அந்த ஒரு நூல் கூடிவிட்டால் இணைப்பான் எட்டவே எட்டாது. ராயக்கோட்டை சாலைப் பட்டறை ஒன்றில் அளவுகளை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தபோது, “இது மரவேலையா, வாட்ச் வேலையா சார்?” என்று கேட்ட தச்சர், எல்லாப் பலகைகளையும் டேபிள் சாவின் அளவை மாற்றாமல் ஒரே மூச்சில் அறுத்துக் கொடுத்தார், மூலைமட்டம் வைத்துப் பார்த்ததில் பிசகு தெரியவில்லை. மேசை மட்டமாக இல்லாவிட்டால் பெட்டியின் அடியிலுள்ள போல்ட்டுகளைத் திருகி உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

எதை ஓட்டுவது என்பதில் இந்தத் தண்டவாளம் எனக்குத் தந்தது எதிர்பாராத வசதி. 9 மி.மீ. தண்டவாளத்துக்கு வழக்கமான 1:160 அளவில், அதாவது அசலில் 160-இல் ஒரு பங்காகக் குறைத்தால், நம் 1,676 மி.மீ. அகலப்பாதைக்கு ஏறத்தாழ 10.5 மி.மீ. வேண்டும், ஆகவே தருமபுரி, ஓசூர் வழியாகச் செல்லும் சேலம்–பெங்களூரு வண்டிகளை இதில் ஓட்டினால் பாதை ஒடுங்கியே தெரியும். ஆனால் இன்று ரயில் நிலையமே இல்லாத கிருஷ்ணகிரி நகருக்கு 1905-இல் திருப்பத்தூரிலிருந்து வந்தது 762 மி.மீ. குறுகிய பாதை. அதை 1:87 ஆகக் குறைத்தால் 8.76 மி.மீ.; அதாவது இந்த 9 மி.மீ. தண்டவாளமே ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. அந்த அளவில் 10 மீட்டர் மாமரம் 11.5 செ.மீ. உயரம் வரும், அதன் கிளைகளுக்குக் காய்ந்த துளசிக் கதிர்களும், இலைகளுக்குச் சாயமேற்றிய மரத்தூளும் போதும்.

டி-டிராக் விதிப்படி 33 மி.மீ. இடைவெளியில் இரு பாதைகள் வேண்டும். அந்தப் பழைய ஒற்றைப் பாதைக்கு இது ஒட்டாது என்பதால் நான் ஒன்றை மட்டுமே பதித்தேன். பிறருடைய பெட்டிகளோடு இனி இணைக்க முடியாதுதான். இணைப்பதற்குப் பெட்டியோடு வருவோர் இப்பக்கம் யாரும் இல்லாததால் அதை இழப்பாகக் கருதவில்லை.

தண்டவாளத்துக்கு மின்சாரம் தந்து வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரை வாங்கும்போது அடாப்டரின் லேபிளைப் படிப்பது அவசியம்: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. தூசியும் இவ்வூரில் கொஞ்சநஞ்சமல்ல. ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் வண்டி திக்கித் திக்கியே போகும்.

செலவைப் பார்த்துத் தயங்குவோர் 365 மி.மீ. சதுரமான நான்கு மூலைப்பெட்டிகளோடு தொடங்கலாம். அவற்றைச் சேர்த்தாலே ஒரு முழு வட்டம் கிடைத்து வண்டி ஓடத் தொடங்கிவிடும். நேர்ப்பெட்டிகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.