லினக்ஸ் கெர்னல் மெமரி பிழைகளைத் தேட கேசான், கேஃபென்ஸ்: நீண்ட நாள் புழங்கிய அனுபவம்

கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரி மேனேஜ்மென்ட் பகுதியில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், தப்பு நடக்கிற இடம் ஒன்று, கெர்னல் விழுகிற இடம் வேறு. விடுவித்த மெமரியில் யாரோ எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். சம்பந்தமே இல்லாத ஃபைல் சிஸ்டம் கோடு அப்புறம் மாட்டிக்கொள்ளும். இதற்காக நான் சில வருஷமாகப் புழங்கும் கருவிகளில், தப்பாக மெமரியைத் தொடுவதை அந்த இடத்திலேயே பிடிக்கும் கேசானுக்குத்தான் (KASAN) முதலிடம்.

2015-இல் லினக்ஸ் 4.0 பதிப்போடு வந்தது. இதன் வழக்கமான வடிவம் ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அதைத் தொடலாமா கூடாதா என்று 1 பைட் நிழல் கணக்கு வைத்துக்கொள்ளும். அதாவது ராமில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். வேகமும் நன்றாகவே அடிவாங்கும். அதனால் க்யூஎமூ விர்ச்சுவல் மெஷினுக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன்.

ரிப்போர்ட்டில் மூன்று ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) வரும்: தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார். நான் மூன்றாவதிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். ஆனால் ஆர்சியூ (RCU, படிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பதைத் தள்ளிப்போடும் முறை) வழியாக விடுவித்த பொருளாக இருந்தால் அந்த மூன்றாவது ஸ்டாக்கில் ஆர்சியூ கால்பேக்கை ஓட்டும் கோடு மட்டும் தெரியும், ஒன்றுக்கும் உதவாது. அதற்கும் கீழே இன்னொரு ஸ்டாக் இருக்கும். கால்-ஆர்சியூவை (அப்படித் தள்ளிப்போட்டு விடுவிக்கச் சொல்லும் ஃபங்ஷன்) அழைத்தது யார் என்பது அங்கேதான் கிடைக்கும். பலர் அதுவரை ஸ்க்ரோல் செய்வதே இல்லை.

கேசானை நம்பக் கூடாத இடமும் உண்டு. விடுவித்த பொருட்களை உடனே மறுபடி ஒதுக்காமல் கொஞ்ச நேரம் தனியாகப் பிடித்து வைக்கும். பிழை பிடிக்க அது நல்லது, ஆனால் மெமரி நெருக்கடியே மாறிவிடுகிறது. ரீக்ளெய்ம் (மெமரி போதாதபோது கெர்னல் பக்கங்களைத் திரும்பப் பிடுங்குவது) எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அந்த பில்டில் எடுத்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். அதற்குத் தனி பில்ட் வைத்திருக்கிறேன்: டீபக்-விஎம் (மெமரி கோடின் கூடுதல் சோதனைகள்) மட்டும் ஆன், சிகுரூப்பில் (ப்ராசஸ் குழுவுக்கு வரம்பு வைக்கும் வசதி) மெமரி வரம்பை இறுக்கிவிட்டு உள்ளே சுமை ஏற்றும் கருவியான ஸ்ட்ரெஸ்-என்ஜி. ரேஸ் வகைப் பிழைகளும் (இரண்டு வேலைகள் ஓடும் நேர வரிசை மாறுவதால் வருபவை) சில சமயம் இந்த வேகமான பில்டில்தான் தலைகாட்டும்.

லேப்டாப்பில் தினசரி ஓடுவது கேஃபென்ஸ் (KFENCE), இதே வகைப் பிழைகளைத் தேடும் இலேசான கருவி. 2021-இல் 5.12-இல் சேர்ந்தது. எல்லா ஒதுக்கீட்டையும் பார்க்காது. 100 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று மாதிரி எடுக்கும். இயல்பான அமைப்பில் 255 பொருட்கள், 4 கேபி பக்கங்களில் 2 எம்பிதான் செலவு. எதையாவது பிடிப்பது அபூர்வம். ஆனால் ஓடுவதே தெரியாது என்பதால் அணைக்க மனம் வரவில்லை.

விடுவிக்க மறந்த மெமரியைத் தேடும் கேமெம்லீக் சரி, பரவாயில்லை ரகம். பொய்ப் புகார்கள் வரும். டெஸ்டுக்கு முன் ‘க்ளியர்’ கொடுத்து, முடிந்ததும் கையால் இரண்டு முறை ஸ்கேன் செய்தால் பட்டியல் ஓரளவு சுத்தமாக இருக்கும்.

இத்தனை கருவி இருந்தும், எரர் பாதைகள் (ஏதாவது தோற்றால் ஓடும் கோடு) ஓடினால்தானே அவை எதையாவது பிடிக்கும்? ஒதுக்கீடு தோற்றால் என்ன ஆகும் என்ற கோடு சாதாரண டெஸ்டில் ஓடுவதே இல்லை. வேண்டுமென்றே ஒதுக்கீட்டைத் தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்-பேஜ்-அலாக் இரண்டையும் கேசானோடு சேர்த்து ஓட்டுங்கள். எனக்குக் கிடைத்த உருப்படியான ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டணியில் வந்தவைதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு பில்டின் விஎம்லினக்ஸ் ஃபைலையும் (vmlinux, டீபக் தகவலோடு கூடிய கெர்னல் ஃபைல்) பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஸ்டாக் டிரேஸை வரி எண்ணாக மாற்ற முடியாது; வேறு பில்டின் ஃபைலைக் கொடுத்தால் தப்பான வரியைக் காட்டும். டிஸ்க் சீக்கிரம் நிறையும்தான், பழைய ஐஎஸ்ஓக்களை அழித்து இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.