சுமை ஏற்றிப் பார்க்காமல் இன்ஜினைத் தராத பட்டறை

எங்கள் விசைப்படகு நிற்பது அக்கரைப்பேட்டையில். உள்ளே இருப்பது லேலண்டு 680. ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 127 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 146 மில்லிமீட்டர், மொத்தம் 11.1 லிட்டர். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அதுதான் அதற்கு மூச்சு.

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் அதை முழுசாகப் பிரித்துக் கட்டினேன். நாகையிலிருந்து வேளாங்கண்ணி போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை. மேஸ்திரி தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். துறைமுகத்தில் போய், பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்து இன்ஜினைச் சோதிக்கிற பட்டறை எது என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

அந்தச் சோதனைக்காகத்தான் அங்கே போனேன். இரண்டு வருஷம் முன்பு வேறொரு இடத்தில் இதே இன்ஜினைக் கட்டினேன். பெயின்ட் அடித்து, சுமை எதுவும் இல்லாமல் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டிக் கொடுத்தார்கள். சத்தம் தேன் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் கோடியக்கரைக்குக் கிழக்கே, 22 பாக ஆழத்தில் மடி வலை இழுத்துக்கொண்டிருந்தபோது பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) தட்ட ஆரம்பித்தது. இன்ஜினை நிறுத்தினோம். இன்னொரு படகு கயிறு கட்டி எங்களை இழுத்து வர ஒன்பது மணி நேரம். ஐஸ் கரைந்து மீனும் போச்சு. சும்மா ஓடும் இன்ஜினில் பேரிங் மேல் பாரமே இல்லை, சூடும் ஏறாது. இறுக்கமாக உட்கார்ந்த பேரிங் தன் குணத்தைக் காட்டுவது பாரம் வந்த பிறகுதான். புது பிஸ்டன் ரிங் போட்ட இன்ஜினை நெடுநேரம் ஐடிலில் விட்டால் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) சுவர் கண்ணாடி போல் வழவழத்து, ரிங் பிடிக்காமலும் போகும்.

இந்தப் பட்டறையில் கட்டுகிற வேலையே நிதானமாக நடக்கிறது. லைனரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளந்து சிலேட்டில் எழுதினார்கள். கிராங்க் தண்டு 0.25 மில்லிமீட்டர் அரைத்து வந்ததும், அது பேரிங்கில் உட்காரும் ஏழு மெயின் ஜர்னலையும் மைக்ரோமீட்டரில் மறுபடி பார்த்தார் மேஸ்திரி. ஒரு ஜர்னல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். நான் கேட்கக்கூட இல்லை. வால்வு உட்காரும் இடத்தில் பேஸ்ட் போட்டுக் கையால் தேய்த்து, பிறகு போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் உள்ள வழியில்) மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தார்கள். ஒரு சொட்டு வந்த வால்வைத் திரும்பத் தேய்த்தார்கள். டர்போ இல்லாத இன்ஜினில் காற்றைத் தள்ளிவிட யாருமில்லை, வால்வு கசிந்தால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வழியில்லை என்றார்.

அப்புறம் சோதனை நாள். இன்ஜினை, அதன் பலத்தை அளக்கும் டைனமோமீட்டரோடு இணைக்கிறார்கள். ஒரு கூட்டுக்குள் இறக்கைச் சக்கரம், சுற்றிலும் தண்ணீர். இன்ஜின் அந்தத் தண்ணீரைக் கலக்கித் திணற வேண்டும். அந்தத் திணறலைக் கம்பி வழியாக எடைமானி காட்டுகிறது. இப்படி ஒன்றை முதலில் செய்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர், 1877 வாக்கில். அதுவும் கப்பல் இன்ஜினை அளப்பதற்காகவே என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இன்ஜினின் முழு உழைப்பும் அங்கே சூடாக மாறுகிறது. வெளியே வரும் குழாயில் கை வைக்க முடியவில்லை. நிமிஷத்துக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓட வேண்டும். தொட்டி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

கால் சுமையில் ஒரு மணி நேரம், அரைச் சுமையில் இரண்டு, முக்கால் சுமையில் இரண்டு, கடைசியாக முழுச் சுமையில் ஒன்று. நிமிஷத்துக்கு 1,800 சுற்றில் முறுக்கு (சுழற்றும் விசை) 60 கிலோகிராம்-மீட்டர். அதைச் சுற்றால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் 151 குதிரைத்திறன். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. மேஸ்திரி முகம் மாறவில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் புகைவாயிலும் வெப்பமானி சொருகியிருந்தார். நாலாவது மட்டும் மற்றதைவிட 70 டிகிரி குறைவு.

"தம்பி, நாலாவது சாப்பிடாம கிடக்கு. அது பங்கையும் சேர்த்து மத்த அஞ்சும் சுமக்குது" என்றார்.

இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, நாலாவது நாசிலை (டீசலைப் பீய்ச்சும் முனையை) கழற்றி இரண்டாவதில் போட்டார், இரண்டாவதை நாலில். திரும்ப ஓட்டினால் இப்போது இரண்டாவது குளிர்ந்தது. வால்வு, பம்ப் எதிலும் தப்பில்லை, குறை நாசிலோடு இடம் மாறிவிட்டது. டெஸ்டரில் மாட்டி அமுக்கியபோது கண்ணாலேயே பார்த்தேன்: மற்ற துளைகளில் டீசல் பனி போல் பீய்ச்சியது, ஒன்றில் எதுவுமே இல்லை. நாசில் செட் முன்பே வெளியே வேறொரு கடையில் சரிசெய்து வந்ததுதான். புதுசு போட்டதும் முறுக்கு 63.7-க்கு ஏறியது, 160 குதிரைத்திறன். புகையும் தெளிந்தது. இது நடுக்கடலில் தெரிய வந்திருக்காது. படகு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.

சோதனை முடிந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்துக் காட்டினார்கள். உலோகத் துகள் இல்லை. ஹெட் போல்ட், டாப்பெட் எல்லாம் மறுபடி பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். பட்டறையில் அன்று காற்று 34 டிகிரி. என் படகின் இன்ஜின் ரூமில் மூடியைப் போட்டால் 48 வரை போகும். சூடான காற்று லேசானது. 100-க்கு நாலைந்து குதிரைத்திறன் அதிலேயே போய்விடும். மேல்தட்டிலிருந்து இரண்டு காற்றுக் குழாய் கூடுதலாக இறக்கச் சொன்னார், இறக்கினேன். டர்போ போட்டவர்கள் டீசல் மிச்சம் என்கிறார்கள், அது உண்மைதான். ஆனாலும் உப்புக் காற்றில் மணிக்கணக்காக மடி இழுக்க எனக்கு இந்தப் பெரிய, நிதானமான இன்ஜின்தான் வேண்டும்.

படகில் ஏற்றிய பிறகு அவரே கடலுக்கு வந்தார். முழு வேகத்தில் 1,640 சுற்றுக்கு மேல் ஏறாமல் கரும்புகை தள்ளியது. புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) அதிகம், இன்ஜினுக்குக் குறையில்லை என்றார். 26 அங்குலத்தை 24 ஆக்கியதும் 1,770 வந்தது.

குறைகளையும் சொல்கிறேன். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள், ஜூன் 14 நம் தடை முடியும் நாள். கீழ்வேளூர், திருவாரூர் பக்கத்து விவசாயிகளின் பம்ப் இன்ஜின்களும் நம் படகு இன்ஜின்களும் ஒரே வாரத்தில் அந்தக் கொட்டகையில் குவிகின்றன. இருப்பதோ ஒரே டைனமோமீட்டர். எவ்வளவு நாள் ஆகும் என்று முதலிலேயே ஒளிக்காமல் சொல்லியிருக்கலாம். தடை முடிந்து மற்ற படகுகள் போனபோது நான் கரையில் நின்றேன், அந்த வருத்தம் இருக்கிறது. பில்லும் ஒரே தாளில் மொத்தமாக வந்தது. கேட்டபிறகுதான் பிரித்து எழுதினார்கள்.

மொத்தம் 3,80,000 ஆனது. அதில் சோதனைக்கு 18,000. டீசல் நம் செலவு. இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து 150 லிட்டர் போனது, முழுச் சுமையில் மணிக்கு 33 லிட்டர் குடிக்கிறது. அந்த 18,000-ஐ நான் மனசாரக் கொடுத்தேன்.

உங்கள் இன்ஜினை அங்கே கொடுப்பதாக இருந்தால் பங்குனியிலேயே போய்ப் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். தடை தொடங்கும் ஏப்ரல் 15-க்கு மறுநாளே இன்ஜினை இறக்குங்கள். நாசிலை எந்தக் கடையில் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். சோதனை நாளில் காலையிலிருந்து அங்கேயே இருங்கள், டிரைவரையும் கூட்டிப் போங்கள். வெப்பமும் முறுக்கும் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீல் ரூமில் ஒட்டியிருக்கிறேன்.